ஏங்க, நங்கூரம் பிடிச்சிருச்சா? படகுப் பயணக் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில் நானும் கணவரும் எங்கள் 34 அடிப் பாய்மரப் படகில் அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் வரை போன கதையை எழுதினேன். இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

கே: அட்லாண்டிக் கடலில் இரண்டே பேரா? பயமாக இல்லையா? (வாசகி, கும்பகோணம்)

ப: கடலில் போனோம் என்பதே பாதிப் பொய். அந்தக் கரைக்கு உள்பக்கமாக ஆறு, கழிமுகம், வெட்டிய கால்வாய் எல்லாவற்றையும் கோத்து ஒரு நீர்வழி ஓடுகிறது, இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே என்பார்கள். சென்னைக்காரர்களுக்குப் பக்கிங்காம் கால்வாய் என்றால் சட்டென்று புரியும், ஆனால் இதில் இன்னமும் படகு போகிறது. நார்ஃபோக்தான் பூஜ்ய மைல், மயாமி ஏறக்குறைய 1,090-வது மைல். வெளியே ஹாட்டெரஸ் முனைப் பக்கம் கப்பல்கள் மூழ்கி மூழ்கி 'அட்லாண்டிக்கின் சுடுகாடு' என்றே பேர் வாங்கிய கடல், எங்களைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு உள்வழிதான் மரியாதை. ஆரம்பத்திலேயே டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய், 22 மைல், 1805-ல் திறந்தது. அதைக் கையால் வெட்டியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். இலையும் பட்டையும் ஊறி ஊறி தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். நான் ஒரு வாளி மொண்டு பார்த்துவிட்டுத் துணி துவைக்கும் யோசனையையே கைவிட்டேன்.

கே: சண்டை வந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்! (வாசகர், கோவை)

ப: வந்தது, அதுவும் தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில், நங்கூரம் போடும்போது. முதல் வாரம் அவர் பின்னால் சுக்கானில், நான் முன்னால் சங்கிலியோடு. இஞ்சின் சத்தத்தில் அவர் கத்துவது எனக்குக் கேட்காது, நான் "ஏங்க" என்று கூப்பிடுவதைக் காற்று கொண்டுபோய்விடும், பக்கத்துப் படகுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். அப்புறம் இடம் மாறினோம். பாரமான வேலை அவருக்கு, சுக்கான் எனக்கு, வாய் ரெண்டு பேருக்கும் கிடையாது. கை நீட்டினால் அந்தப் பக்கம் போ, முஷ்டி உயர்த்தினால் நிறுத்து, கட்டைவிரல் பின்னால் காட்டினால் மெதுவாகப் பின்னால் இழு, அவ்வளவுதான் பாஷை. கணக்கில் மட்டும் அதற்குப் பிறகும் ஒரு சண்டை வந்தது. கடல் இறங்கியிருக்கும் வற்றத்தில் பத்தடி ஆழம் இருக்கிறதே என்று அவர் ஆழத்துக்கு ஐந்து மடங்காக ஐம்பது அடி நங்கூரச் சங்கிலி விட்டார். ஜார்ஜியாவில் ஏற்றத்தின்போது தண்ணீர் எட்டடி ஏறுமே, படகின் முகப்பு வேறு தண்ணீருக்கு மேல் நாலடி இருக்கிறதே, ஆக 22 அடிக்கு ஐந்து மடங்கு, 110 அடி வேண்டாமா? ராத்திரி ரெண்டு மணிக்குப் படகு நகர ஆரம்பித்ததும் ஒத்துக்கொண்டார்.

கே: கழிவறை, குளியல்? (கேட்கக் கூச்சப்பட்டுப் பேர் போடாத வாசகி)

ப: கூச்சமே வேண்டாம், படகுக்காரர்கள் சாப்பிடும்போதுகூட இதைத்தான் பேசுவார்கள். கரையிலிருந்து மூன்று மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைத் தண்ணீரில் விடக் கூடாது, சட்டம். தொட்டியில் சேர்த்துவைத்துப் படகுத்துறையில் குழாய் போட்டு உறிஞ்சிவிட வேண்டும். குளியல் வாரம் ரெண்டு தடவை, மற்ற நாளெல்லாம் ஈரத்துண்டு.

கே: எந்த மாதம் கிளம்ப வேண்டும்? (வாசகர், சிங்கப்பூர்)

ப: நாங்கள் அக்டோபர் நடுவில் கிளம்பி மெதுவாக இறங்கினோம். புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதனால் நவம்பர் பிறக்காமல் ரொம்பத் தெற்கே போகாதே என்று காப்பீட்டுப் பத்திரத்திலேயே பலருக்கும் எழுதியிருக்கும்.

கே: எங்க அப்பா முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர். ஒரு தடவைகூடத் தரை தட்டவில்லையா என்று கேட்கச் சொன்னார். (வாசகி, தூத்துக்குடி)

ப: அப்பாவிடம் பொய் சொல்ல முடியாது. தட்டியது. ஜார்ஜியாவில் லிட்டில் மட் ரிவர், குட்டிச் சேற்றாறு என்று பேரிலேயே எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள், அதையும் மீறி வற்றம் இறங்கும் நேரத்தில் நுழைந்தோம், நுழையலாம் என்றது நான்தான். எங்கள் படகு தண்ணீருக்குள் நாலரை அடி இறங்கியிருக்கும். ஆழமானி ஆறு, ஐந்தரை, ஐந்து என்று இறங்கிக்கொண்டே வந்தது, அப்புறம் ஒரு சத்தமும் இல்லாமல் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி படகு நின்றுவிட்டது. இஞ்சினைப் பின்னால் முறுக்கிப் பார்த்தோம், சேறு கலங்கியதுதான் மிச்சம். மதியம் பன்னிரண்டு மணி; வற்றம் முடிய ரெண்டு மணி நேரம், திரும்ப ஏற இன்னொரு ரெண்டு. சரி, நங்கூரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். படகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது, அலமாரி திறந்து டம்ளர்கள் உருண்டன, சுற்றிலும் ஆளுயரக் கோரைப் புல், ஒரு வீடு கிடையாது. கேஸ் அடுப்பு மட்டும் ஊஞ்சல் மாதிரி தொங்கும்படி மாட்டியிருப்பதால் நேராக நின்றது. நான் ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு உப்புமா கிண்டினேன். நாலு மணிவாக்கில் படகு ஒரு தடவை குலுங்கித் தானாக நிமிர்ந்தது. பாத்திரத்தை அப்புறம்தான் கழுவினோம்.