சி தந்தி முனகுவது விரலின் குற்றமா?

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: "கர்நாடக வயலின் கற்றவள் நான். ஹங்கேரிய இசையமைப்பாளர் லிகெட்டி, வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வயோலாவுக்கென்று எழுதிய தனி சொனாட்டாவிலிருந்து முதல் பகுதியை மேடையில் வாசிக்க ஆசை. இசைக்குறிப்பில் சுரங்களோடு வரும் அம்புக்குறிகள் பிடிபடவில்லை. வயோலாவின் மிகத் தாழ்ந்த தந்தியான சி தந்தி தளர்ந்து முனகுகிறது. என் விரலில் பிழையா?"

விரலைப் பிறகு பார்ப்போம். முதலில் வாத்தியத்தின் உடலை அளந்து பாருங்கள். கழுத்தைச் சேர்க்க வேண்டாம். முழு அளவு வயலினின் உடல் ஏறத்தாழ 14 அங்குலம். பெரியவர்களின் வயோலா பெரும்பாலும் 15½ முதல் 16½ வரை. வயலினுக்கு வயோலாத் தந்தி பூட்டி, வயோலா என்று கூசாமல் தலையில் கட்டும் தரகர்கள் இருக்கிறார்கள். அந்தச் சிறிய கூட்டில் சி தந்தி வாய் திறந்து பேசாது. இந்தப் பகுதியோ முழுக்க முழுக்க அந்த ஒரே தந்தியில்தான் நடக்கிறது.

ஆனால், 14 அங்குலம் என்றவுடன் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிள்ளைகளுக்காக அதே நீளத்தில் உண்மையான சிறு வயோலாக்களும் உண்டு. உங்கள் வயலினைப் பக்கத்தில் வைத்துப் பக்கப்பலகையின் உயரத்தை ஒப்பிடுங்கள். வயோலாவாகவே செய்யப்பட்டது பொதுவாகச் சற்று ஆழமாக இருக்கும். ஒரே உயரமென்றால் சந்தேகப்படுங்கள். ஆழம் இருந்தும் தந்தி தளர்ந்தால், சிறு வயோலாவுக்கென்றே செய்த தந்தியை மாட்டுங்கள். அதற்குக் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டும்! யாழின் சுருதிகளைக் கணக்கிட்ட விபுலாநந்த அடிகளின் மண்ணில் ஒரு தந்திக்கு இவ்வளவு அலைச்சல். எத்தனை முறை எழுதினாலும் பொறுப்பானவர்கள் அசைவதில்லை.

இனி அம்புகள். சுருதிப் பெட்டியை 4 கட்டையில் வையுங்கள். எஃப் ஷட்ஜம், உங்கள் சி தந்தி பஞ்சமம். வயோலாவில் இல்லாத ஓர் எஃப் தந்தியைக் கற்பனை செய்து, அதிலிருந்து இயல்பாக எழும் மேற்சுரங்களை லிகெட்டி இங்கே எழுதியிருக்கிறார். அரைச்சுரம் 100 சென்ட் என்று கொண்டால், மூன்று வகை அம்புகள் 14, 31, 49 சென்ட் இறங்கச் சொல்கின்றன. முதலாவது தம்பூராவின் ஷட்ஜத்தில் தானாக ஒலிக்கும் அந்தர காந்தாரம். உங்கள் காதுக்குப் பழகியது. இரண்டாவது கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுக் கீழே. மூன்றாவது சுத்த மத்தியமத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் நட்டநடுவே. விரல் ஏதாவதொரு பக்கம் சாயும். கம்பிதம் கொடுத்து மறைக்காதீர்கள், அசையாமல் நிறுத்துங்கள்.

கைமாறி வரும் போட்டோ பிரதிகளை நம்பாதீர்கள். அம்புகளின் வேறுபாடு அவற்றில் மங்கிவிடும். அச்சுப் பிரதியையே வாங்குங்கள். உட்கார்ந்து வாசிக்கலாமா என்றால், தாராளமாக.

உடல் நீளத்தையும் பக்கப்பலகை உயரத்தையும் எழுதி அனுப்புங்கள். மாற்ற வேண்டியது தந்தியா, வாத்தியமா என்று சொல்கிறேன்.