சாலேயா, தீவா, காடா? கேபின் பிடிக்கும் முன் சில கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் என் கைப்பேசிக்கு ஓய்வே கிடையாது. சிங்கப்பூரில் குடும்பங்களுக்கும் நண்பர் குழுக்களுக்கும் விடுமுறையில் தங்கும் இடம் பார்த்துக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. கேட்பவர்கள் எல்லோரும் கூடவே ஒரு படம் அனுப்புவார்கள். மர வீடு, சின்னத் திண்ணை, மேலே மஞ்சள் விளக்குச் சரம். அந்தப் படத்தில் கழிப்பறை இருக்காது, மழை இருக்காது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதும் இருக்காது. நான் முதலில் கேட்பது அந்த மூன்றையும்தான். இந்த முறை வந்த கேள்விகளில் சில:

அக்கா, அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு ஐந்தும் ஒன்பதும். ஜூன் விடுமுறைக்கு லாசரஸ் தீவில் இருக்கும் சிறு வீட்டை எடுக்கலாமா, இல்லை வழக்கம்போல பாசிர் ரிஸ் சாலேதானா (விடுமுறை விடுதி)? (செங்காங் வாசகி)

அம்மா வருகிறார் என்றால் பாசிர் ரிஸ்தான். யோசிக்கவே வேண்டாம்.

லாசரஸ் நல்ல இடம், மறுக்கவில்லை. 2023 நடுவில் அங்கே ஐந்து சிறு வீடுகளைத் திறந்தார்கள். கடற்கரை அழகு, கூட்டமும் குறைவு. ஆனால் போகும் வழியைப் பாருங்கள். மரினா சவுத் படகுத்துறையில் ஏறுகிறீர்கள். செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிடும் படகு என்றால், அங்கிருந்து இணைப்புச் சாலை வழியாக லாசரசுக்கு நடை. சும்மா கைவீசிப் போனால் கால் மணி நேரம். ஜூன் மாத மதிய வெயிலில் இரண்டு பெட்டி, தண்ணீர் பாட்டில், ஐஸ் பெட்டி, தூக்கச் சொல்லி அழும் ஐந்து வயதுப் பிள்ளை என்று போனால் அது வேறு கணக்கு. மாலைக்குப் பிறகு படகு கிடையாது. ராத்திரி அம்மாவுக்கு மூச்சு வாங்கினால், தரையில் வருவதுபோல ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நிற்காது.

இன்னொன்று, சிறு வீடுகள் பலவற்றில் கட்டில் பரணில் இருக்கும், ஏணி வைத்து ஏற வேண்டும். ஒன்பது வயதுக்குக் கொண்டாட்டம். ஐந்து வயது நடுராத்திரி ஒன்றுக்கு இறங்கும்போது நீங்கள் தூங்க முடியாது. எந்த நிறுவனத்திடம் எடுத்தாலும் "பரணா, தரைக் கட்டிலா" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பாசிர் ரிஸ் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்ய வேண்டாம். மின்தூக்கி உள்ள கட்டடமா, தரைத்தள அறை கிடைக்குமா என்று கேளுங்கள். அப்புறம், குளியலறை வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் எப்போதும் கேட்கும் படம் அதுதான். அங்கே தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு தடுப்புப் படி கட்டியிருப்பார்கள். சில இடங்களில் நாலு விரல் உயரம், சில இடங்களில் ஒரு சாண். முழங்கால் வலிக்காரர்கள் தடுக்கி விழுவது பெரிய படிக்கட்டில் இல்லை, ஈரக்காலோடு தாண்டும் இந்தப் படியில்தான். பக்கத்தில் கைப்பிடி இருக்கிறதா என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும்.

தீவு ஆசையை விட வேண்டாம். அம்மாவைச் சாலேயில் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு விட்டுவிட்டு, ஒருநாள் காலைப் படகில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் மாலைப் படகில் திரும்புங்கள். செயிண்ட் ஜான்ஸ் வழியாகப் போனால் ஒரு கதையும் சொல்லலாம். அது 1874 முதல் தொற்றுநோய்த் தடுப்புத் தீவாக இருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்த நம் ஆட்கள் பலரைச் சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன் அங்கே நிறுத்திவைத்தார்கள். உங்கள் வீட்டுத் தாத்தா ஒருவரும் அதில் இருந்திருக்கலாம்.

டிசம்பரில் ஆஸ்திரேலியா போகிறோம். பண்ணை நடுவே ஒரு கேபின் பிடித்திருக்கிறது, ஆனால் "உரக் கழிப்பறை" என்று போட்டிருக்கிறான். மாமியார் கேட்டதும் "நான் வரல" என்றுவிட்டார். நாறுமா? தண்ணீர் பயன்படுத்தலாமா? (ஜூரோங் வாசகி)

கேட்கக் கூச்சப்பட்டு, போய்ச் சேர்ந்த பிறகு அவதிப்படும் விஷயம் இது. நன்றாகக் கேட்டீர்கள்.

ஒழுங்காகப் பராமரித்தால் நாறாது. சிறுநீர் முன்பக்கக் குழிவு வழியாக ஒரு கலனுக்குத் தனியாகப் போய்விடும். மலம் பின்பக்கத் தொட்டியில் விழும். அதன்மேல் தேங்காய் நார்த்தூளோ மரத்தூளோ ஒரு கை போட்டு மூட வேண்டும். சின்ன மின்விசிறி ஒன்று தொட்டிக் காற்றை உறிஞ்சிக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே தள்ளிவிடும். காற்றும் தூளும் இருக்கும்வரை நுண்ணுயிர்கள் வாடையில்லாமல் மக்க வைக்கும். தொட்டிக்குள் ஈரம் ஏறிக் காற்றோட்டம் நின்றால்தான் நாற்றம்.

சிக்கல் நம் பழக்கத்தில் இருக்கிறது. காகிதம் மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்காகச் செய்த பொருள் அது. நாம் உட்கார்ந்த இடத்திலேயே தண்ணீர் விட்டால் தொட்டி சேறாகிவிடும். நான் சொல்லும் வழி: முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, எழுந்து பக்கத்திலுள்ள குளியல் இடத்தில் கழுவிக்கொள்வது. அதற்கு ஒரு சின்னக் குவளையை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், அங்கே இருக்காது. பதிவு செய்யும் முன் இரண்டு கேள்வி: கழிப்பறையும் குளியலறையும் ஒரே கதவுக்குள் இருக்கிறதா? கையால் பிடிக்கும் ஷவரா, சுவரில் பொருத்தியதா? முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் மாமியார் சொன்னதுதான் சரி, வேறு கேபின் பாருங்கள்.

ஆண்களும் உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரிப்பு வேலை செய்யாது. இதைக் கிளம்பும் முன்பே வீட்டு ஆண்களிடம் சொல்லிவிடுங்கள். டெட்டால், பினாயில் எதையும் உள்ளே ஊற்ற வேண்டாம், மக்கவைக்கும் கிருமி செத்துவிடும்.

நாங்கள் சைவம், நண்பர்கள் அசைவம். சாலேயில் ஒரே பார்பிக்யூ அடுப்பு. எப்படிச் சமாளிப்பது? (தெம்பனிஸ்)

கம்பி வலையைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. சைவம் முதலில். பனீர், காளான், சோளம், குடைமிளகாய் எல்லாம் கரி நன்றாகச் சிவந்த முதல் அரை மணியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வலையை மாற்றிக் கோழியும் திருக்கை மீனும் போடட்டும். இடுக்கியும் தனி, சாம்பல் தட்டும் தனி. "அலுமினியத் தாள் போட்டால் போதாதா" என்பார்கள். போதும்தான், கிழியாதவரை.

ஈஸ்ட் கோஸ்ட்டில் கூடாரம் போட்டால் இலவசம்தானே? ஏன் கேபினுக்குக் காசு கொடுக்க வேண்டும்? (பிடோக்)

இளவயசு, நண்பர்கள், ஒரு ராத்திரி என்றால் காசு கொடுக்கவே வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் குறித்த இடங்களில் மட்டும் கூடாரம் போடலாம். தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. புலாவ் உபின் தீவில் ஜெலுத்தோங், மாமம் என்று கூடார இடங்கள் உண்டு. சாங்கி முனையிலிருந்து பம்போட் என்னும் சிறு படகு, ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

தரையில் விறகு மூட்டித் தீ வளர்க்கக் கூடாது. பூங்காக்களில் இரவு 10.30க்குப் பிறகு மதுவும் கூடாது. இவை இரண்டும்தான் உங்கள் திட்டம் என்றால், கேபின் எடுப்பது அபராதத்தைவிட மலிவு.

நாங்கள் நான்கு பேர், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறோம். மலேசியாவின் ஜொகூரில் அருவி பக்கம் கேபின், வாடகைக் கார் எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்? (பொங்கோல்)

கேபினைவிட, எல்லை தாண்டும் பாலத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

மலேசியாவுக்குள் கொண்டுபோக அனுமதியுள்ள காரா என்று வாடகை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சிங்கப்பூர் வண்டிகளுக்கு மலேசியா கேட்கும் நுழைவு அனுமதி அட்டை அந்தக் காரில் இருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். கிளம்பும்போது எண்ணெய்த் தொட்டி முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும், இது சிங்கப்பூர்ச் சட்டம். திரும்பும்போது அங்கே மானிய விலையில் விற்கும் ரான் 95 பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்குப் போடக் கூடாது, ரான் 97 போடுங்கள்.

இந்தியக் கடப்பிதழ்க்காரர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து மலேசியா விசா விலக்கு கொடுத்துவருகிறது. ஆனால் அது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படுவது, ஆகவே தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைப் புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். நால்வரில் ஒருவருக்கு இதில் ஒன்று இல்லை என்றாலும் நால்வருமே நிற்பீர்கள்.

இனி அருவி. கோத்தா திங்கி பக்கம் கேபின்கள் உண்டு, ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். ஆற்றங்கரையிலேயே கேபின் வேண்டும் என்று கேட்காதீர்கள், கரையேறிச் சற்று மேட்டில் இருப்பதை எடுங்கள். மேலே மலையில் மழை பெய்து, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்பார்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் மொத்தமாக மிதந்து வருவது, மேலே இரைச்சல் கூடுவது, இதில் எது கண்ணில் பட்டாலும் செருப்பைக்கூட எடுக்க நிற்காமல் கரையேறிவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஜொகூரின் கிழக்குக் கரைப் பக்கம் அடைமழைக் காலம், மெர்சிங்கிலிருந்து போகும் தீவு விடுதிகள் பலவும் அப்போது மூடிக்கிடக்கும். உங்களுக்கு மார்ச்சுக்குப் பிறகு நல்லது. ஞாயிறு மாலை திரும்ப வேண்டாம். ஞாயிறு விடியற்காலை, இல்லாவிட்டால் திங்கள் விடுப்பு.

டிசம்பர் விடுமுறையில் பன்னிரண்டு பேர், சாங்கி பக்கம் பங்களா. மழை வந்தால்? (ஈசூன்)

வந்தால் என்ன, வரும். டிசம்பரும் ஜனவரியும் வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பாதி. சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் தூறும். அதனால் அடுப்புக்கு மேலே கூரை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இரண்டாவது, பன்னிரண்டு பேரும் சேர்ந்து உட்கார உள்ளே இடம் உண்டா? படுக்க இடம் எல்லோரும் காட்டுவார்கள், உட்கார இடம்தான் இருக்காது. கேரம் பலகை எடுத்துப் போங்கள்.

தேதியை மாற்ற முடியும் என்றால் பிப்ரவரி பிற்பாதி. ஜூன் என்றால் பகல் பெரும்பாலும் காய்ந்திருக்கும், ஆனால் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வீசும் சூறைக்காற்று மழை கூடாரக்காரர்களை எழுப்பிவிடும். கேபினில் இருப்பவர்கள் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். எந்த மாதமானாலும் இடி கேட்டால் கடற்கரைத் திறந்த கொட்டகையிலும் மரத்தடியிலும் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் வந்துவிடுங்கள்.

மண்டாய் மர வீடு, சாங்கி வில்லேஜ் பஸ் ஹோட்டல், இதெல்லாம் கேம்பிங் கணக்கில் வருமா? (தோ பாயோ)

வராது, ஆனால் அதனால் குறைவில்லை. மண்டாயில் 2025இல் திறந்த ரிசார்ட்டில் 338 அறைகள், அதில் 24தான் மர வீடு. அது காட்டுக்குள் இருக்கும் ஹோட்டல், அந்த விலைதான். சாங்கி வில்லேஜில் ஓய்வுபெற்ற பேருந்துகள் இருபதை அறைகளாக்கியிருக்கிறார்கள். வாகனப் பைத்தியமாகத் திரியும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு ராத்திரிக்கு எடுக்கலாம். சமைக்கும் கவலை இல்லை, உணவங்காடி நிலையம் பக்கத்திலேயே. காலையில் நாசி லெமாக் வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கடற்கரைக் கேபினில் போன தடவை பிள்ளைக்குக் கால் முழுக்கத் தடிப்பு. கொசுவலை கட்டியும் கடித்தது. ஏன்? (உட்லண்ட்ஸ்)

அது கொசு இல்லை, மணல் ஈ. ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், சாதாரணக் கொசுவலைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அதற்குப் பறக்கும் வலு குறைவு என்பதால் மின்விசிறிக் காற்றில் நிற்காது. கேபினில் ஏர்கான் இருக்கிறதா என்று கேட்கிற நாம், கட்டில் பக்கம் விசிறி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். விடிகாலையும் அந்திப்பொழுதும் அதற்குச் சாப்பாட்டு நேரம், அப்போது பிள்ளையை மணலில் உட்கார வைக்காதீர்கள். நீளக் காற்சட்டை போட்டுவிட்டு, வெளியே தெரியும் இடத்தில் டீட் அல்லது பிக்காரிடின் கலந்த பூச்சிவிரட்டியைத் தடவுங்கள். சின்னப் பிள்ளையின் உள்ளங்கையில் தடவ வேண்டாம், வாய்க்குப் போகும். தடிப்பு வந்துவிட்டால் குளிர்ந்த ஒத்தடம், நகத்தை ஒட்ட வெட்டுவது, சொறிந்து புண்ணாகிச் சீழ் வைத்தால் மருத்துவர்.

திண்ணையில் சாப்பாட்டுப் பையைத் தொங்கவிடாதீர்கள், குரங்குகளுக்கு நெகிழிப் பையின் சரசரப்பு நன்றாகவே தெரியும். பாவம் என்று வாழைப்பழம் நீட்டினாலும் குற்றம்தான், முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் உண்டு.