தயிரைக் கடைந்தும் வெண்ணெய் திரளவில்லையா?

வெந்நீர் விடுங்கள், ஆனால் கொதிக்கக் கொதிக்க வேண்டாம். விரல் தாங்கும் சூட்டில் ஒரு டம்ளர், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே கடையுங்கள்.

தேன்கனிக்கோட்டை போன்ற குளிரான ஊரில் மார்கழிக் காலையில் ஒரு மணி நேரம் கடைந்தும் நுரைதான் நிற்கிறது என்றால், அந்தக் குளிரில் கொழுப்பு இறுகிப்போய் ஒன்றோடொன்று ஒட்டாது, பெரும்பாலும் அதுதான் காரணம். சித்திரை வெயிலில் இதையே மாற்றி, மண்பானையில் குளிர்ந்த தண்ணீர் விட்டுக் கடைவார்கள்.

மத்தைத் தூக்கிப் பாருங்கள். ரவை ரவையாக ஒட்டியிருந்தால் திரளப்போகிறது, அப்புறம் நிதானமாகக் கடைந்தால் போதும். வெறும் நுரை என்றால் பானை பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள், தயிர் அலைய இடம் வேண்டும்.

சூடு மிஞ்சினால் வெண்ணெய் இளகி மோரோடு கலந்துவிடும், பிறகு திரட்டுவது பெரும்பாடு. கொழுப்பு குறைத்த பாக்கெட் பாலில் உறைந்த தயிர் என்றால், எவ்வளவு கடைந்தாலும் சொற்பம்தான் தேறும்.