14 வயது மகனைத் தலைமைத்துவப் பயிற்சி முகாமுக்கு அனுப்பலாமா, வீட்டு வளர்ப்பே போதுமா?

அனுப்புங்கள். ஆனால் முகாமில் கிடைப்பது வேறு, வீட்டில் கிடைப்பது வேறு. எனக்கு இரண்டும் கிடைத்தது, அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது இலங்கையின் வடக்கே கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கிற குளம்தான், ஆனாலும் மழை குறைந்த சிறுபோகத்தில் எல்லாக் காணிக்கும் தண்ணீர் காணாது. குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து, இந்த முறை யார் எவ்வளவு விதைக்கலாம் என்று கூட்டம் போட்டுப் பங்கு பிரிப்பார்கள், அப்புறம் வாய்க்காலில் முறை வைத்து விடுவார்கள். எங்கள் வாய்க்காலுக்கு ஐயாதான், என் அப்பாதான், பொறுப்பு. ஒரு இரவு முறை முடிகிற நேரம் அரிக்கன் லாம்பு பிடிக்க என்னையும் கூட்டிப்போனார் (தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், எங்கள் வன்னிப் பகுதிக்குள் பற்றரி வரத் தடை, டோர்ச் லைட் இருந்தும் பயனில்லை). எங்கள் வயலின் மேட்டுத் துண்டு இன்னும் நனையவில்லை, வெடிப்புக்கூடத் தெரிகிறது. ஐயா ஒன்றும் பேசாமல் மண்வெட்டியால் சேறு அள்ளி முதலில் எங்கள் மடையை அடைத்தார். பிறகுதான் அடுத்த வயல்காரரிடம் போய், "அண்ணை, நேரம் முடிஞ்சுது, கட்டுவமோ?" என்று கேட்டார். அவர் தன் லாம்பைத் தூக்கி எங்கள் வயல் பக்கம் ஒருமுறை பார்த்தார், முணுமுணுத்தபடியே கட்டினார். கடைசி வயலில் தண்ணீர் ஏறும்வரை வரம்பில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம். எனக்கு அப்போது பத்து வயது.

அந்த வளர்ப்பே போதும் என்று நம்பித்தான் பிழை விட்டேன். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு முள்ளியவளைப் பக்கம் எங்கள் மாதர் சங்கத்துக்குத் தலைவியானேன். சங்கப் பணத்தில் மாறிமாறிக் கொடுக்கிற சுழற்சிக் கடன் யாருக்கு என்பதை நானே முடிவெடுத்தேன். நேர்மையாகத்தான் கொடுத்தேன், ஒரு ரூபா பிசகவில்லை, ஆனாலும் கூட்டத்துக்கு ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள், ஏனென்று எனக்கு விளங்கவில்லை.

அந்த நேரம்தான் மூன்று நாள் பயிற்சி ஒன்றுக்கு வரச் சொன்னார்கள். பயிற்சி என்ற சொல்லுக்கே 2009இல் போர் முடியும்வரை எங்கள் பக்கம் வேறு அர்த்தம், பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுக்கிற ஆயுதப் பயிற்சி. பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்த தாய்மாருக்கு அந்தச் சொல் இன்றும் நெஞ்சை அடைக்கும். என் அம்மாவும் போகாதே என்றுதான் சொன்னார். போனேன். இரண்டாம் நாள் ஒரு வேலை தந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிமிடம் பேசுவார், குறுக்கே பேசாமல் கேட்டு, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. அவர் தன் கோழிக்கூட்டைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் நான் மூன்று யோசனை சொல்லிவிட்டேன். சங்கத்தில் என்ன நடந்தது என்று அந்தக் கதிரையிலேயே விளங்கியது. ஐயாவும் அந்த அண்ணையிடம் "கட்டுவமோ" என்று கேட்டாரே தவிர, கட்டு என்று சொல்லவில்லை. அத்தனை வருடம் மடையை அடைத்ததை மட்டும்தான் நான் நினைவில் வைத்திருந்தேன். திரும்பி வந்து கடன் விண்ணப்பங்களைக் கூட்டத்தில் வாசித்து, கடைசி வரிசையில் இருப்பவர்களை முதலில் பேசவிட்டேன். ஆட்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள்.

அதனால் முகாமைத் தெரிவு செய்யும்போது, அங்கே பிள்ளைகளே சமைத்து, கணக்குப் பார்த்து, சண்டையைத் தீர்க்கிறார்களா, இல்லை கதிரையில் இருந்து பேச்சுக் கேட்டுவிட்டுச் சான்றிதழோடு வருகிறார்களா என்று விசாரியுங்கள். இரண்டாவது வகை என்றால் காசை வீணாக்க வேண்டாம்.

வந்த பிறகு அவன் கையில் உண்மையான பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். என் மகனுக்கு 15 வயதில், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து போகிறவர்களுக்காக எங்கள் ஒழுங்கையில் போட்ட தண்ணீர்ப் பந்தலின் கணக்கைக் கொடுத்தோம். சீனி, தேசிக்காய், ஐஸ் எல்லாம் அவன் பொறுப்பு. முடிவில் 340 ரூபா துண்டு விழுந்தது. நான் போட்டுச் சரிக்கட்டியிருக்கலாம், கை பரபரத்தது, ஆனால் செய்யவில்லை. பெரியவர்கள் முன்னால் அவனே எழும்பிச் சொன்னான், குரல் நடுங்கியது. அடுத்த வருடமும் கணக்கை அவனிடமே கொடுத்தார்கள்.