கடல் உப்பில் உள்ள குளோரின் ஓசோனைச் சிதைக்குமா?

வணக்கம். கடலூர்த் துறைமுகத்தின் உப்புக்காற்றிலும் குளோரின் இருக்கும்போது குளிர்சாதனப் பெட்டி வாயுவை மட்டும் ஏன் குறைகூற வேண்டும் என்று உங்கள் பத்தாம் வகுப்பு மாணவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அருமையான கேள்வி, அந்தப் பெண்ணைப் பாராட்டுங்கள்.

உப்புத்துகளும் ஹைட்ரஜன் குளோரைடும் நீரில் எளிதில் கரைவதால், வங்கக் கடலிலிருந்து எழும் குளோரினை, ஓசோன் நிறைந்த மேல்வளிமண்டல அடுக்கான ஸ்ட்ரேட்டோஸ்பியரை எட்டுவதற்கு முன்பே மழை கழுவி இறக்கிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டிகளில் முன்பு பயன்பட்ட வாயுக்களான குளோரோபுளோரோகார்பன்களோ (சிஎப்சி) நீரில் கரைவதில்லை, கீழ்க்காற்றில் வினைபுரிவதுமில்லை. அவற்றுள் ஒன்றான சிஎப்சி-12 ஏறத்தாழ 100 ஆண்டுகள் நிலைத்திருப்பதால் காற்றோடு கலந்து மெல்ல மேலேறுகிறது. அங்குள்ள வீரியமிக்க புற ஊதாக் கதிர் அதைப் பிளக்கும்போது விடுபடும் குளோரின் அணு, ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக் குளோரின் மோனாக்சைடாகிறது. அது தனி ஆக்சிஜன் அணுவைச் சந்தித்ததும் குளோரின் மீண்டும் விடுபட்டு அடுத்த ஓசோனைத் தாக்குகிறது. இவ்வாறு ஒரே அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கக்கூடும் என்பதை வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-இல் எடுத்துக்காட்டினர்.

மாணவி சான்று கேட்டால், சிஎப்சி-யிலுள்ள புளோரின் விடுபடும்போது உருவாகும் ஹைட்ரஜன் புளோரைடும் ஸ்ட்ரேட்டோஸ்பியரில் அளக்கப்பட்டிருப்பதைச் சொல்லுங்கள். கடல் உப்பால் அதை விளக்க இயலாது என்பதால், எனக்கு இதுவே மிக வலுவான ஆதாரமாகத் தோன்றுகிறது.

அண்டார்டிக் ஓசோன் துளையை மட்டும் இந்த இரு வினைகளால் விளக்கிவிட வேண்டாம். அங்கே ஏறத்தாழ மைனஸ் 78 டிகிரி செல்சியசுக்குக் கீழே உருவாகும் முகில்களின் துகள்பரப்பில் நிகழும் வினைகள், முடங்கியிருந்த குளோரினை விடுவிக்கின்றன. வசந்தகாலச் சூரியன் எழுந்ததும் சிதைவு வேகமெடுக்கிறது. அதற்குத் தனியாக ஒரு வகுப்பை ஒதுக்குங்கள்.