கோப்பிங் கல் ஆடுகிறது, சீலர் அடித்தால் போதுமா?

கேள்வி: எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி மூன்று வருடத்துக்கு முன் கடப்பா கல்லில் கோப்பிங் (குளத்தின் விளிம்பில் பதிக்கும் கல் வரிசை) போட்டோம். இப்போது நாலைந்து கற்கள் கால் வைத்தால் ஆடுகின்றன, இடுக்குகளில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. சந்தில் சிமென்ட் பூசி, ஆசிட் போட்டுக் கழுவி, மேலே சீலர் (கல்லில் தண்ணீர் ஊறாமல் தடுக்கும் பூச்சு) அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
– வாசகி, கோவை

பதில்: ஆசிட்டை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. மிச்சம் கிடக்கும் பாலிஷ் போட்ட துண்டில் எலுமிச்சம்பழம் பிழிந்து கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள், சாறு பட்ட இடம் மட்டும் மினுமினுப்பு போய் வெளிறிக் கிடக்கும். எலுமிச்சைக்கே அந்தக் கதி. பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டினால் போதும்.

அப்புறம், ஒவ்வொரு கல்லையும் சுத்தியல் காம்பால் தட்டிக் கேளுங்கள். வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை நிறையவில்லை என்று அர்த்தம். கலவையை அங்கங்கே உருண்டையாக வைத்துக் கல்லை அமுக்கிவிட்டுப் போனால் இப்படித்தான், அந்தப் பொந்தில் தண்ணீர் தேங்கி, சிமென்டில் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வரும். ஆடும் கற்களைப் பெயர்த்து, பழைய கலவையைக் கொத்திவிட்டு, தளத்திலும் கல்லின் அடியிலும் பாலிமர் கலந்த டைல் பசையை முழுக்கப் பரப்பி ஒட்டுங்கள்.

பலரும் கோட்டை விடுவது கோப்பிங்குக்கும் வெளித்தளத்துக்கும் நடுவே வரும் சந்தில். வெயிலில் தளம் விரியும்போது அந்தச் சந்தில் சிமென்ட் இருந்தால் தள்ளுகிற வேகம் நேராகக் கோப்பிங் கல் மேல் இறங்கும், எவ்வளவு நல்ல பசை போட்டாலும் கல் விட்டுவிடும். உங்கள் கற்கள் ஆடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம், பார்த்துவிடுங்கள். சிமென்ட் இருந்தால் கான்கிரீட் வரை சுரண்டி எடுத்து, சுமார் 10 மி.மீ. அகலத்துக்கு இடைவெளி விட்டு, உள்ளே ஃபோம் கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலன்ட் (சந்தை அடைக்கும் பசை, சீலர் வேறு) போடுங்கள். ரப்பர் மாதிரி இழுபடும், உடையாது.

சீலர் கடைசி வேலை. கல் ஒட்டியபின் 28 நாளாவது ஆறவிட்டு, கல் நன்றாக உலர்ந்த பிறகு, வெயில் இறங்கியதும் அடியுங்கள். கல்லுக்குள் ஊறுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். மேலே பளபளவென்று படலம் கட்டுகிற வகை ஈரக் காலுக்கு வழுக்கும், குழந்தைகள் ஓடுகிற இடம். ஊறாமல் நிற்பதைக் காய்வதற்குள் துணியால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

அதற்கப்புறம் அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் சரி, கல் உறிஞ்சி நிறம் கருத்தால் மறுபடி ஒரு கோட் அடிக்க வேண்டியதுதான்.