மிரட்டல் இல்லை என்றாலும் அது தொல்லைதான்

சகோதரி, முன்பு உங்களுடன் வேலை பார்த்தவர் நீங்கள் மறுத்த பிறகும் கடிதமும் குறுஞ்செய்தியும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். எல்லாம் மரியாதையாக இருப்பதால் புகார் செய்யத் தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயங்காதீர்கள். வேண்டாம் என்று தெரிந்தும் தொடர்வதுதான் தொல்லை. சொற்கள் இனிப்பாக இருப்பதால் அது மாறிவிடாது. இங்கிலாந்தின் 1997ஆம் ஆண்டுத் தொல்லைத் தடுப்புச் சட்டம்கூட மிரட்டல் இருந்தாக வேண்டும் என்று கேட்பதில்லை. ஒருவரைத் துன்புறுத்தும் நடத்தை இரண்டு முறையாவது நடந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறது.

நீங்கள் அனுப்பிய மறுப்பில் "மன்னிக்கவும், இப்போது வேலை அதிகம்" என்று இருந்ததே, அதை அவர் "பிறகு பார்க்கலாம்" என்று படித்திருப்பார். தவறு உங்களுடையது அல்ல. ஆனாலும் இன்னும் ஒரே ஒரு முறை, எழுத்தில், காரணம் சொல்லாமல் எழுதுங்கள்: "இனி எந்த வழியிலும் என்னைத் தொடர்புகொள்ளாதீர்கள்." அதன்பின் முழு மௌனம். பத்துச் செய்திகளைப் பொறுத்துப் பதினோராவதற்குக் கோபமாகப் பதில் போட்டாலும், பதினொன்று அனுப்பினால் பதில் வரும் என்றுதான் அவர் கற்றுக்கொள்வார்.

எதையும் அழிக்காதீர்கள், கிழிக்காதீர்கள். அஞ்சல் முத்திரை உள்ள உறைகளையும் சேர்த்து வையுங்கள். செய்திகளைத் தேதியும் எண்ணும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே அந்த எண்ணைத் தடுங்கள்.

வீட்டு வாசலுக்கு வந்தாலோ, நீங்கள் போகும் நேரம் அவருக்குத் தெரிந்திருந்தாலோ ஆதாரம் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அன்றே காவல் நிலையம் செல்லுங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு.